உடுத்திவிடுகிறவள்

அவள் என்ன சொன்னாள்? ராணியம்மாவின் பட்டுச்சேலையை நான் திருடிக்கொண்டு வந்துவிட்டேன் என்றுதானே? சொல்லாமல் இருந்திருக்கமாட்டாள். அரண்மனையில் காபி குடித்துவிட்டுத்தானே இங்கே வருகிறீர்கள், டீச்சர்? உங்கள் கார் அங்கே ஒரு மணி நேரம் நின்றதைத் தெருவே பார்த்தது.

உட்காருங்கள். பெஞ்சின் அந்த ஓரம் வேண்டாம், ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. என் தம்பியிடம் மூன்று மாதமாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் சொல்லி எது நடந்திருக்கிறது?

அரண்மனைக் கதையை எழுத நோட்டைத் திறந்துவிட்டீர்களா? அப்படியானால் முதலில் இதை எழுதுங்கள். என் பெயர் தங்கபுஷ்பம். நான் அரண்மனை வேலைக்காரி இல்லை. வேலைக்காரிகள் பதினான்கு பேர் இருந்தார்கள். பெருக்க, துடைக்க, அரைக்க, இறைக்க. நான் மேலக்குறிச்சி ஜமீன் ராணி குமுதவல்லி நாச்சியாருக்கு உடுத்திவிடுகிறவள். முப்பத்தொரு வருஷம். அந்த மாலினி இருக்கிறாளே, ராணியம்மாவின் மருமகள், இப்போது அரண்மனைக்கு அவள்தான் எல்லாம், அவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நான் ராணியம்மாவுக்குச் சேலை கட்டிவிட ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதையும் எழுதுங்கள்.

உடுத்திவிடுகிறவள் என்றால் உங்களுக்குப் புரியாது. நீங்கள் உங்கள் சேலையை நீங்களே கட்டிக்கொள்கிறவர். அது தெரிகிறது. கொசுவம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

ராணியம்மா சின்ன வயதில் தன் அப்பாவோடு இரண்டு வருஷம் லண்டனில் இருந்தவர். அங்கிருந்து தடிதடியாகப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தார். எல்லாம் அந்த ஊர் ராஜா ராணிகள் வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள், யார் கால் கழுவினார்கள், யார் தலை வாரினார்கள் என்பது பற்றி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படித்துப் படித்து எங்களுக்குச் சொல்வார். எங்களுக்கு என்றால் எனக்கும் செண்பகத்துக்கும். செண்பகம் என்னைவிட நாலு வயது இளையவள். அவளும் ராணியம்மாவின் அறையில்தான் வேலை.

முன்காலத்தில் அந்த நாட்டு ராணி கை கழுவ வேண்டுமென்றால் ஒருவன் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பானாம். ஒருத்தி மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றுவாளாம். உடுத்துவதற்கும் இரண்டு தினுசுப் பெண்கள். ஒருத்தி உடுப்பை எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. அதை வாங்கி ராணியின் மேல் போட்டுவிடுகிறவள் இன்னொருத்தி. அவள்தான் உசத்தி. அவள் சும்மா ஆள் இல்லை டீச்சர், ஒரு பிரபுவின் பெண்டாட்டி! பிரபுவின் பெண்டாட்டி, தன் வீட்டில் தனக்கே நாலு பேர் இருக்கிறவள், இங்கே வந்து ராணிக்கு உள்பாவாடை போட்டுவிடுவாள். அதற்கு அவ்வளவு போட்டியாம்.

இதைச் சொல்லிவிட்டு ராணியம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். "ஏட்டி செண்பகம், நீ எடுத்துக் குடுக்கவ. ஏட்டி புஷ்பம், நீ உடுத்திவிடுதவ. இனிமே இதுதான் சட்டம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்று செண்பகம் சொல்வாள். விளையாட்டா? அன்றைக்கே பீரோச் சாவியைக் கழற்றி என் இடுப்பில் செருகினார். சாவி உடுத்திவிடுகிறவளிடம் இருக்கும். எடுத்துக் கொடுக்கிறவள் வந்து சாவியை வாங்கித் திறப்பாள், எடுப்பாள், பூட்டிச் சாவியைத் திருப்பித் தருவாள், சேலையை என் கையில் கொடுப்பாள். நான் பீரோவைத் தொடமாட்டேன். அவள் ராணியம்மாவைத் தொடமாட்டாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் ஒரு முறை சொல்லிவிட்டால் அது எனக்குப் போதும்.

ஒருநாள் குற்றாலநாதர் கோயிலுக்குப் போயிருந்தேன். பஸ் கிடைக்காமல் திரும்பி வர ஒரு மணி நேரம் தாமதம். அறைக்குள் நுழைகிறேன், ராணியம்மா குளித்துவிட்டு ஈரப்பாவாடையோடு நிற்கிறார். செண்பகம் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நிற்கிறாள். "வந்துட்டியா மகராசி, இவ கட்டமாட்டேங்கா. நீ வந்து வைவியாம். எனக்கு உதறல் எடுக்குட்டி" என்றார் ராணியம்மா. நான் செண்பகத்தை மெச்சினேன். முறை என்றால் முறை. ராணியம்மாவுக்கு நாலு நாள் ஜலதோஷம் இருந்தது. அது மழைக்காலம், ஊரில் எல்லோருக்கும் இருந்தது.

மெதுவாகவா? மெதுவாகத்தான் சொல்கிறேன். நீங்கள் எழுதுவதுதான் மெது.

நான் போய்ச் சேர்ந்த பத்தாவது வருஷம் ராஜா இறந்துபோனார். பதினாறாம் நாள் ராணியம்மாவுக்கு வெள்ளை கட்டினார்கள். ராஜாவின் அக்கா கோமதி நாச்சியார் முன்னால் நின்று கட்டவைத்தார். கட்டிவிட்டது நான்தான். அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் வெள்ளை. பீரோவில் இருந்த அத்தனை பட்டும் உறவுக்காரப் பெண்களுக்குப் போயிற்று. ஒன்றே ஒன்றை மட்டும் ராணியம்மா ஒளித்துவைத்தார். கிளிப்பச்சை, அரக்குக் கரை. அதை ஒரு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியையும் என்னிடம் தந்தார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதலாமா என்று கேட்காதீர்கள், எழுதுங்கள், அவர் போய்விட்டார், இனி யார் என்ன செய்யமுடியும்? வெள்ளிக்கிழமை மத்தியானம் அரண்மனை முழுக்க உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது கதவைத் தாழிடுவோம். செண்பகம் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்க் காவல் நிற்பாள். நான் ராணியம்மாவுக்குக் கட்டிவிடுவேன். அவர் கண்ணாடி முன்னால் நிற்பார். நடக்கமாட்டார், உட்காரமாட்டார், நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து "ம், அவுத்துரு" என்பார். அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் வெள்ளி தவறாமல்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். அந்த இங்கிலீஷ் ராணிகளில் ஒருத்தி, தான் செத்தால் தன்னை எப்படி உடுத்த வேண்டும், பெட்டிக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று கூட இருந்தவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாளாம். பிள்ளைகளிடம் இல்லை, கூட இருந்தவர்களிடம்! "நானும் உங்கிட்டதான் சொல்லுதேன் புஷ்பம். என்னை வெள்ளையில அனுப்பிராத. இந்தப் பச்சை எம்மேல இருக்கணும். கோமதி மதினி குதிப்பா. குதிக்கட்டும். நான் இந்தச் சேலையிலதான் போகணும்" என்றார். நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சத்தியம் செய்தவள் நான் டீச்சர். மாலினி இல்லை.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராணியம்மா போய்விட்டார். காபியை வாயில் வைத்தவர் தம்ளரை என்னிடம் நீட்டினார், நான் வாங்குவதற்குள் போய்விட்டார். பத்து மணிக்கெல்லாம் அரண்மனை நிறைந்துவிட்டது. மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு வெள்ளைச்சேலை தட்டில் வந்துவிட்டது.

நான் அறை வாசலில் நின்றேன். குளிப்பாட்ட உள்ளே போனால் கோமதி நாச்சியார் கையைக் குறுக்கே நீட்டுகிறார். எண்பது வயது. பார்வை மங்கல், கை மட்டும் சரியாகக் குறுக்கே வருகிறது. "நீ எங்கட்டி வார? சீவன் இருக்கமட்டும்தான் உன் வேலை. இனிமே சொந்தக்காரங்கதான் தொடணும்."

முப்பத்தொரு வருஷம் தொட்ட கை இது. அவர் முதுகில் எந்த இடத்தில் மச்சம் என்று சொந்தக்காரி ஒருத்திக்குத் தெரியுமா?

நான் வந்து கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இந்த மாலினி வருகிறாள். தலை கலைந்து, மூக்கு சிவந்து. அழுதாளாம். அவளுக்கு மாமியார் மேல் பாசமாம். என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"புஷ்பாக்கா, அத்தைக்கு ஒரு பச்சைச் சேலை இருந்துச்சாமே. அதைத்தான் கட்டிக்கணும்னு ஆசைப்பட்டாங்களாமே. செண்பகம் சொன்னா. உங்ககிட்டதான் இருக்காம். குடுங்க, அதையே கட்டிடலாம்."

செண்பகம் எப்படி உளறியிருக்கிறாள் பாருங்கள். வெளியே நிறுத்தியிருந்தும் காதைக் கதவில் வைத்திருந்திருக்கிறாள்.

"நாச்சியார் குதிப்பாங்களே" என்றேன்.

"குதிச்சுட்டாங்க. கால் மணி நேரமா அதுக்குத்தான் சண்டை. விதவைக்குப் பட்டான்னு கேட்டாங்க. அத்தை ஆசைப்பட்டாங்க, நான் கட்டத்தான் போறேன், வேணும்னா நீங்க கண்ணை மூடிக்குங்கன்னு சொல்லிட்டேன். கடைசியில சரின்னுட்டாங்க."

இவள் அப்படிப் பேசினாள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். பேசியிருக்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டேன். "வாங்க, நான் வந்து கட்டுதேன்" என்றேன்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "அக்கா, அது மட்டும் பெரியத்தை ஒத்துக்கமாட்டேங்கறாங்க. வெளியாள் கை படக் கூடாதுங்கறாங்க. சேலைக்கே இவ்வளவு நேரம் ஆயிடுச்சு. இன்னும் இதுக்கும் சண்டை போட நேரமில்லை. நீங்க எடுத்துக் குடுங்க. நான் கட்டறேன். நீங்க வாசல்ல நின்னு எப்படி எப்படின்னு சொல்லுங்க, நான் அப்படியே கட்டறேன்."

கேட்டீர்களா?

நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அவள் கட்டுவாளாம்.

முப்பத்தொரு வருஷம் கழித்து, அவர் போகிற அன்றைக்கு, நான் எடுத்துக் கொடுக்கிறவள் ஆக வேண்டுமாம். செண்பகத்தின் வேலை! ராணியம்மா என்னை எங்கே வைத்தார், இவள் எங்கே வைக்கிறாள். பிரபுவின் பெண்டாட்டி செய்கிற வேலை டீச்சர் நான் செய்தது.

"எடுத்துக் குடுக்கது என் வேலை இல்ல" என்றேன்.

"அக்கா, ப்ளீஸ்."

"உடுத்திவிடுதவ நான். என்னைக் கூப்பிட்டா வாரேன். கூப்பிடலைன்னா சேலை வராது."

சாவி இடுப்பில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற செண்பகம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யக்கா, குடுத்துருக்கா. யாரு கட்டுனா என்னக்கா? அம்மா பச்சையில போனாச் சரிதானக்கா? சாவியக் குடு, நான் எடுத்தாரேன்."

"நீ உன் வாயை மூடு" என்றேன். யார் கட்டினால் என்னவாம்! அப்புறம் எதற்கு அன்றைக்கு ராணியம்மாவை ஈரத்தோடு நிற்கவைத்தாள்? அதைக் கேட்டேன். அழுதுகொண்டு போனாள்.

மாலினி காலைப் பிடித்தாளா? ஆமாம், பிடித்தாள். அதைச் சொன்னாளா உங்களிடம்? சொல்லவில்லையா? ஆச்சரியம்தான். பிடித்தாள். அரண்மனை மருமகள் நாற்பது பேர் பார்க்க என் காலைப் பிடித்தாள். நான் என்ன கல்லா, எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் நான் நினைத்தேன், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும், இவ்வளவு தூரம் வந்தவள் உள்ளே போய்க் கிழவியிடம் சண்டை போட்டு என்னைக் கூப்பிட்டுவிடுவாள் என்று. ராணியம்மாவை வெள்ளையில் அனுப்பிவிடுவார்களா? அனுப்பமாட்டார்கள். கூப்பிடத்தான் வேண்டும். வேறு வழியில்லை.

ராணியம்மாவின் மகன் இந்திரன் துரை வந்தார். "மணி ரெண்டரை. பெட்டியை உடைச்சிரலாமா?" என்றார். நான் பெட்டி இருந்த அறை வாசலில் போய் நின்றுகொண்டேன். "உடைச்சா இங்கேயே தலையை மோதிச் செத்திருவேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். என் கண் முன்னால் வளர்ந்த பையன். "ஒரு வீட்டுல ஒரு நாளைக்கு ஒரு சாவு போதும். வெள்ளையையே கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அப்போதும் கூப்பிடுவார்கள் என்றுதான் நின்றேன். சங்கு ஊதுகிற வரைக்கும் நின்றேன்.

வெள்ளையில்தான் போனார். கொசுவம் கூடச் சரியில்லை. இடது பக்கம் தூக்கி நின்றது. தூக்கிக்கொண்டு போகும்போது பார்த்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன தப்புச் செய்தேன்? சத்தியத்தைக் காப்பாற்ற நின்றவள் நான். குறுக்கே கை நீட்டியவள் கிழவி. அதை மீறத் தைரியம் இல்லாதவள் மாலினி. உன் கையால்தான் கட்ட வேண்டும் என்று ராணியம்மா என்னிடம் சொன்னார்.

அப்படிச் சொன்னதாக நான் முதலில் சொல்லவில்லையா? சொன்னேனே. நோட்டில் பாருங்கள். பச்சையில் போகணும் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்களா? நீங்கள் சரியாகக் கேட்டிருக்கமாட்டீர்கள். உன்னிடம்தான் சொல்கிறேன் என்றால் அதற்கு அதுதானே அர்த்தம்? உடுத்திவிடுகிறவளிடம் சேலையைப் பற்றிச் சொன்னால், நீ உடுத்திவிடு என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? படித்தவர்களுக்கு எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டி இங்கேதான் இருக்கிறது. அதோ கட்டிலுக்கு அடியில். நான் அரண்மனையைவிட்டு வந்தபோது யாரும் தடுக்கவில்லை. "அதை அவங்களே வெச்சுக்கட்டும்" என்றாளாம் மாலினி. பிச்சை போடுகிறாள். திருடியவளை விட்டுவிட்டேன் என்று பெயர் வாங்கத்தான்.

காட்டச் சொல்லாதீர்கள். திறக்கமுடியாது. நான் பெட்டியிலிருந்து எடுக்கிறவள் இல்லை. செண்பகம்தான் எடுக்க வேண்டும். அவள் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் குழாயடிக்குப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள், பாதித் தண்ணீரோடு. பட்டை இப்படி ஒரே மடிப்பில் வைத்திருந்தால் மடிப்பில் இற்றுப்போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான். ஆனால் இன்றைக்குப் போய் நானே பெட்டியில் கை வைத்தேன் என்றால், அன்றைக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள் இல்லையா?

நீங்கள் எடுத்துத் தருகிறீர்களா? நீங்கள் யார் எடுத்துத் தர?

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

வருஷத் திவசத்துக்கா? மாலினியா? என்னைக் கட்டச் சொன்னாளா? ராணியம்மா அறையில், என் கையாலேயா? கிழவி? ஓ, கிழவி தை மாதமே போய்விட்டாள், ஆமாம். நான் கேதத்துக்குப் போகவில்லை. எடுத்துக் கொடுப்பது யாராம்? மாலினியேவா? பெட்டியிலிருந்து அவள் எடுத்து என்னிடம் கொடுப்பாளாமா, செண்பகம் மாதிரி?

இதை வந்ததும் சொல்வதற்கு என்ன? இவ்வளவு நேரம் என்னை வாய் வலிக்கப் பேசவைத்துவிட்டு, கடைசியில் சொல்கிறீர்கள். இதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததா? முதலில் பேசவிடுங்கள், பிறகு சொல்லுங்கள் என்று?

எதற்குக் கட்டுவதாம்? படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, நாற்காலிக்கா?

கட்டலாம். கட்ட முடியாதென்று இல்லை. ஜவுளிக்கடையில் பொம்மைக்குக் கட்டுகிறார்களே. ஆனால் கொசுவம் பிடித்து இடுப்பில் செருகும்போது ராணியம்மா வயிற்றை எக்குவார். நான் சொல்லவே வேண்டாம். என் விரல் படுகிற நேரத்துக்குச் சரியாக, மூச்சை இழுத்து, ஒரு எக்கு. பெரிய வயிறு அவருக்கு, எக்கினால்தான் செருக இடம் கிடைக்கும். செருகி முடித்ததும் விடுவார். அவர் மூச்சு என் நெற்றியில் படும். முப்பத்தொரு வருஷம் பட்டது.

நாற்காலி எக்குமா, டீச்சர்?

கிளம்புகிறீர்களா? அரண்மனை வழியாகத்தானே போவீர்கள். அவளிடம் சொல்லுங்கள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வரமாட்டேன், ஆள் அனுப்பச் சொல்லுங்கள். சாவியை என்னிடம் கேட்டு வாங்கித்தான் திறக்க வேண்டும். பிறகு, அவளுக்கு எப்போதும் தலையில் எண்ணெயைத் தடவிவிட்டு அந்தக் கையோடேயே அலைகிற பழக்கம். சீயக்காய் போட்டு நன்றாகக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பட்டில் கறை பட்டால் போகாது.